கிளைபோசேட் களைக்கொல்லி: வரலாறு, பாதுகாப்பு, பயன்பாடு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரவுண்டப், கிளைசெல், மேரா 71 என்று கடையில் பெயர்கள் பல இருந்தாலும், உள்ளே இருக்கும் மருந்து கிளைபோசேட்தான். உலகில் மிக அதிகமாகத் தெளிக்கப்படும் களைக்கொல்லி இது. புற்றுநோய் வழக்குகள், இலங்கையின் தடை, இந்தியாவின் கட்டுப்பாடு என்று இதைச் சுற்றி எழும் கேள்விகளுக்கும், வயலில் நின்று கேட்கப்படும் கேள்விகளுக்கும் இங்கே பதில் தருகிறோம்.

இது செடியை எப்படிக் கொல்கிறது?

பச்சை இலையில் பட்டதும் உள்ளே இறங்கி, செடி தயாரிக்கும் சர்க்கரையோடு சேர்ந்து தண்டுக்கும் வேருக்கும் கிழங்குக்கும் போகிறது. அங்கே இ.பி.எஸ்.பி. சின்தேஸ் என்ற ஒரு நொதியை முடக்குகிறது. அந்த நொதி இல்லாமல் ஃபீனைல் அலனின், டைரோசின், டிரிப்டோஃபேன் என்ற மூன்று அமினோ அமிலங்களைச் செடியால் உண்டாக்க முடியாது. புரதம் இல்லாமல் குருத்து முதலில் மஞ்சளாகும், பிறகு முழுச் செடியும் காயும். அதனால்தான் அடித்த மறுநாள் ஒன்றும் தெரியாது. சிறு புல்லில் 4 முதல் 7 நாளில் மஞ்சள் தட்டும். கோரை, அருகு முழுதாகக் காய இரண்டு வாரத்துக்கு மேலும் ஆகலாம். "வேலை செய்யவில்லை" என்று மூன்றாம் நாளே மறுபடி அடிப்பது மருந்துக்கும் கூலிக்கும் தண்டம்.

பயிர், களை என்று இது பிரித்துப் பார்க்காது. எந்தப் பச்சையில் பட்டாலும் அதைத் தாக்கும்.

யார் கண்டுபிடித்தது?

1950-ல் சுவிட்சர்லாந்தின் சிலாக் என்ற மருந்து நிறுவனத்தில் ஆன்ரி மார்ட்டின் என்ற வேதியியலாளர் முதலில் இதைத் தயாரித்தார். நோய் தீர்க்கும் மருந்தாக ஒரு பயனும் தெரியவில்லை, அப்படியே கிடப்பில் போனது. 1964-ல் அமெரிக்காவின் ஸ்டாஃபர் கெமிக்கல், உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் பொருள் என்ற வகையில் இதற்குக் காப்புரிமை வாங்கியது. குழாய்களில் படியும் உப்புக் கறையைக் கரைக்க உதவும் குணம் அது. இதை நினைவில் வையுங்கள்: இன்று கடினநீரில் கலந்தால் மருந்து வேலை செய்யாமல் போவதற்கும், இலங்கைச் சிறுநீரக நோய் விவாதத்துக்கும் இதே குணம்தான் அடிப்படை.

1970-ல் அமெரிக்க வேதிப்பொருள் நிறுவனமான மான்சாண்டோவில் ஜான் ஃபிரான்ஸ் இதன் களைக்கொல்லித் திறனைக் கண்டார். 1974-ல் ரவுண்டப் சந்தைக்கு வந்தது. 1996-ல் கிளைபோசேட்டைத் தாங்கும் மரபணு மாற்று சோயாவை அந்நிறுவனமே வெளியிட்டது. அதுவரை விதைப்புக்கு முன்பும் வரப்பிலும் மட்டும் அடித்த மருந்தை, பயிர் நிற்கும்போதே அதன் தலைமேல் அடிக்கலாம் என்றானது. 2000-ல் அமெரிக்கக் காப்புரிமை முடிந்ததும் விலை இறங்கியது. பயன்பாடு பல மடங்கு பெருகியது இந்த இரண்டினால்தான்.

வியட்நாம் போரில் தெளித்த 'ஏஜென்ட் ஆரஞ்ச்' இதுதானா?

இல்லை. அது 2,4-டி, 2,4,5-டி என்ற இரு மருந்துகளின் கலவை. அதில் கலந்திருந்த டையாக்சின் என்ற மாசுதான் பெரும் கேடு செய்தது. அதைத் தயாரித்துக் கொடுத்த நிறுவனங்களில் மான்சாண்டோவும் ஒன்று என்பதால் இந்தக் குழப்பம் நீடிக்கிறது.

பாராகுவாட்டும் இதுவும் ஒன்றா?

இரண்டையும் 'புல் மருந்து' என்றே கேட்டு வாங்குவதால் இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பாராகுவாட் வேறு மருந்து. பட்ட இடத்தைச் சில மணி நேரத்தில் கருக்கும், வேருக்குப் போகாது. உடலுக்குள் போனால் நுரையீரலைச் சிதைக்கும், மாற்று மருந்து கிடையாது. ஐரோப்பிய ஒன்றியம் 2007-ல் நீக்கியது. இலங்கை 2008-லிருந்து படிப்படியாக நிறுத்தித் தடை செய்தது. அடித்த அன்று மாலையே புல் கருகினால் உங்கள் கையில் இருப்பது கிளைபோசேட் இல்லை. கடைக்காரர் வாய்ச்சொல்லை நம்பாமல், லேபிளில் வணிகப் பெயருக்குக் கீழே இருக்கும் மருந்துப் பெயரைப் படித்து வாங்குங்கள்.

மனித உடலில் அந்த நொதியே இல்லை என்கிறார்களே, பிறகு என்ன பயம்?

நொதி இல்லை என்பது உண்மை. விலங்குகளும் நாமும் அந்த மூன்று அமினோ அமிலங்களையும் உண்டாக்குவதில்லை, உணவிலிருந்து பெறுகிறோம். ஆனால் அதோடு கேள்வி முடிந்துவிடாது. ஒன்று, நம் குடலில் வாழும் பல நுண்ணுயிர்களில் அந்த நொதி உண்டு. இரண்டு, ஒரு பொருள் செடியைக் கொல்லும் வழி வேறு, செல்லைக் கெடுக்கும் வழி வேறாக இருக்கலாம்.

மூன்றாவதுதான் நடைமுறையில் பெரிது. கேனில் இருப்பது கிளைபோசேட் மட்டும் கிடையாது. மெழுகு பூசிய இலையில் மருந்து ஒட்டிப் பரவ ஒரு பரப்புப் பொருளும் சேர்க்கிறார்கள். பழைய கலவைகளில் இது பெரும்பாலும் மாட்டுக் கொழுப்பிலிருந்து எடுக்கும் பி.ஓ.இ.ஏ. என்ற வகை. கண்ணை எரிப்பதும் குடலைப் புண்ணாக்குவதும் தவளைக் குஞ்சுகளையும் மீனையும் கொல்வதும் பெரும்பாலும் இதன் வேலை. கிளைபோசேட்டோடு இதைக் கலப்பதை 2016-ல் ஐரோப்பிய ஒன்றியம் தடை செய்தது. நம் பக்கத்து லேபிள்களிலோ துணைப்பொருள் எது என்ற விவரமே இருப்பதில்லை. வாங்குபவருக்கு அதைத் தெரிந்துகொள்ளும் உரிமை வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

புற்றுநோய் வருமா, வராதா?

2015 மார்ச்சில் உலக சுகாதார அமைப்பின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, இதை 2ஏ பிரிவில், அதாவது 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பு மிகுந்தது' என்று வைத்தது. மனிதரில் வரையறைக்குட்பட்ட சான்று, விலங்குகளில் போதிய சான்று, மரபணுச் சேதத்துக்கு வலுவான சான்று என்பது அதன் கணக்கு. மனிதச் சான்று முக்கியமாக நான்-ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோயைப் பற்றியது.

அதே ஆண்டு நவம்பரில் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு முகமை 'புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பில்லை' என்ற முடிவுக்கு வந்தது. 2016 மே மாதம் உலக சுகாதார அமைப்பும் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்த நிபுணர் குழு, 'உணவு வழியாக அந்த ஆபத்துக்கு வாய்ப்பில்லை' என்றது.

முரணாகத் தெரிகிறது. ஆனால் கேட்ட கேள்விகள் வேறு வேறு. புற்றுநோய் முகமை 'இந்தப் பொருளுக்கு அந்தக் குணம் உண்டா' என்று மட்டும் பார்க்கும், எவ்வளவு பட்டால் என்பது அதன் வேலையில்லை. அதே 2ஏ பிரிவில் சிவப்பு இறைச்சியும், 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பானங்களும், இரவுப் பணியும் இருக்கின்றன. கொட்டைப் பாக்கு அதைவிட உறுதியான முதல் பிரிவில் இருக்கிறது. ஒழுங்குமுறை அமைப்புகள் பார்ப்பது 'மக்கள் வழக்கமாகச் சந்திக்கும் அளவில் தீங்கு வருமா' என்பதை. சான்றும் ஒன்றில்லை. புற்றுநோய் முகமை வெளியான ஆய்வுகளையே எடுத்தது, கடைக் கலவையைப் பற்றிய ஆய்வுகளும் அதில் அடங்கும். ஐரோப்பிய முகமை நிறுவனங்கள் கொடுத்த வெளியிடப்படாத ஆய்வுகளையும் சேர்த்துக்கொண்டு, கலப்பில்லாத மருந்தையே முக்கியமாக எடைபோட்டது.

அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளிலும் ஒரே குரல் இல்லை. அமெரிக்காவில் 54,000-க்கும் மேற்பட்ட மருந்தடிப்பவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு, 2018-ல் வெளிவந்தபோது நிணநீர்ப் புற்றுநோயோடு தொடர்பைக் காணவில்லை. 2019-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு பகுப்பாய்வு, மிக அதிகமாகப் பட்டவர்களிடம் 41 சதவீதம் கூடுதல் வாய்ப்பு என்றது.

எங்கள் வாசிப்பு இது: உண்பவருக்கான ஆபத்து சிறியது என்பதற்குச் சான்று நன்றாக இருக்கிறது. ஆண்டுக்கணக்காகத் தோளில் டேங்க் சுமந்து, ஒழுகும் நாசிலோடு, வெறுங்காலோடு அடிப்பவருக்கு அதே உறுதியை யாரும் தர முடியாது. அமெரிக்க ஆய்வில் இருந்தவர்கள் பெரும்பாலும் உரிமம் பெற்ற, டிராக்டர் வைத்திருக்கும் விவசாயிகள். நம் ஊர்க் கூலித் தொழிலாளிக்கு அந்த முடிவை அப்படியே பொருத்தக் கூடாது.

அமெரிக்க நீதிமன்றங்கள் நட்டஈடு கொடுத்தது அறிவியல் முடிவு ஆகாதா?

ஆகாது. 2018 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவில், பள்ளி வளாகங்களில் மருந்தடித்து வந்த டிவெய்ன் ஜான்சனுக்கு நடுவர் குழு 28.9 கோடி டாலர் கொடுத்தது. மேல்முறையீட்டில் அது சுமார் 2 கோடியாகக் குறைந்தது. அந்த வழக்குகளின் மையக் கேள்வி, நிறுவனம் எச்சரித்ததா இல்லையா என்பது. அதே ஆண்டு ஜூனில் மான்சாண்டோவை வாங்கி முடித்திருந்த ஜெர்மன் நிறுவனமான பேயர், 2020-ல் சுமார் 1,000 கோடி டாலர் அளவில் சமரசத் திட்டம் அறிவித்தது. பல வழக்குகளில் பேயர் வென்றும் இருக்கிறது.

ஆனால் அந்த வழக்குகளால் ஒரு பெரிய நன்மை விளைந்தது. 2017 முதல் நிறுவனத்தின் உள் மின்னஞ்சல்கள் வெளியே வந்தன. 2000-ல் வெளியாகி, 'கிளைபோசேட் பாதுகாப்பானது' என்பதற்கு உலகெங்கும் மேற்கோள் காட்டப்பட்ட ஒரு தொகுப்புக் கட்டுரையை எழுதுவதில் நிறுவன ஊழியர்களின் கை இருந்தது அவற்றில் தெரிந்தது. 2025-ன் கடைசியில் அந்த இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. 25 ஆண்டுகள் அது எத்தனை நாட்டு அதிகாரிகளின் மேசையில் சான்றாகக் கிடந்திருக்கும் என்பதை நினைத்தால் கோபம் வருவது நியாயம். அது ஒன்றினாலேயே மற்ற எல்லா ஆய்வும் பொய் என்று ஆகிவிடாது என்பதும் நியாயம்.

பருப்பில் இருக்கிறதாமே?

கனடா போன்ற நாடுகளில் அறுவடைக்கு முன் செடி ஒரே சீராகக் காய்வதற்காகக் கோதுமை, மைசூர் பருப்புச் செடிகள் மேல் இதை அடிக்கும் வழக்கம் உண்டு. அப்படி வரும் பருப்பில் மிச்சம் இருக்கும். பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸின் வரம்பு மைசூர் பருப்புக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராம். கணக்குப் போடுங்கள்: வரம்பின் உச்சத்தில் உள்ள பருப்பை ஒருவர் ஒரு நாளில் 100 கிராம் சாப்பிட்டாலும் உள்ளே போவது 0.5 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஐரோப்பிய வரம்புப்படி தினசரி ஏற்கத்தக்க அளவு 30 மில்லிகிராம். தட்டில் இருப்பதற்கும் வரம்புக்கும் இடைவெளி பெரிது. ஆனாலும் அறுவடைக்கு முன் உணவுப் பயிர் மேல் அடிப்பது தவிர்க்கக்கூடிய பழக்கம் என்றே நினைக்கிறோம்.

இலங்கை ஏன் தடை செய்தது? ஏன் எடுத்தது?

அனுராதபுரம், பொலன்னறுவை பக்கத்து நெல் விவசாயிகளிடம் 1990-களிலிருந்து காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் பரவலாகத் தென்பட்டது. 2014-ல் சன்ன ஜயசுமன உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஒரு கருதுகோளை வைத்தார்கள்: கிளைபோசேட் உலோகத்தைப் பிடிக்கும் குணமுள்ளது, அப்பகுதிக் கிணற்று நீர் கடினநீர், இரண்டும் சேர்ந்து நச்சு உலோகங்களைச் சிறுநீரகத்துக்குக் கொண்டு போகின்றன என்பது. 2015-ல் அதிபர் மைத்திரிபால சிறிசேன அரசு இறக்குமதியைத் தடை செய்தது.

அந்தக் கருதுகோள் இன்றுவரை நிரூபிக்கப்படவில்லை. வெப்பத்தில் நீர்ச்சத்து இழப்பது, நீரில் உள்ள ஃபுளோரைடு, பிற வேளாண் மருந்துகள் என்று பல காரணங்கள் பேசப்படுகின்றன. அதிகமாக இந்த மருந்தைப் பயன்படுத்திய மலையகத் தேயிலைப் பகுதிகளில் அந்த நோய் அதே போலப் பரவவில்லை என்பது எதிர்த்தரப்பின் வலுவான வாதம்.

தடையின் சுமை வேறிடத்தில் விழுந்தது. தேயிலை மலைகளில் புல் மண்டியது, கையால் வெட்ட ஆள் போதவில்லை. மாற்றாக எம்.சி.பி.ஏ. போன்ற மருந்துகள் வந்தன, அதன் மிச்சம் தேயிலையில் ஜப்பானின் வரம்பை மீறிச் சிக்கல் ஆனது. 2018-ல் தேயிலைக்கும் ரப்பருக்கும் தளர்த்தி, 2022-ல் முழுத் தடையையும் நீக்கினார்கள். மருந்து இருந்த காலத்தில் காப்பு இல்லாமல் அடித்தவர்களும், இல்லாத காலத்தில் சரிவில் புல் வெட்டியவர்களும் அதே தோட்டத் தொழிலாளர்கள். அவர்களிடம் இரண்டு முறையும் யாரும் கேட்கவில்லை.

இந்தியாவில் சட்டம் என்ன?

தேயிலைத் தோட்டத்துக்கும் பயிரில்லா நிலத்துக்கும்தான் பதிவு. பருத்தி, மக்காச்சோளம் என்று வரிசை நடுவே அடிப்பது லேபிளுக்கு வெளியே. களைக்கொல்லி தாங்கும் பருத்தி விதைக்கு அனுமதியே கிடையாது, கள்ளச் சந்தையில்தான் புழங்குகிறது. 2022 அக்டோபரில் மத்திய அரசு, பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணியாளர் உரிமம் உள்ளவர்களே இதைத் தெளிக்கலாம் என்று அறிவித்தது. தயாரிப்பாளர்கள் தரப்பு நீதிமன்றம் போனது. கடைகளில் விற்பனை தொடர்கிறது. ஊரில் அப்படி உரிமம் பெற்ற ஆள் எங்கே என்று விவசாயி கேட்டால் பதில் சொல்ல வேண்டியது அரசுதான்.

எவ்வளவு கலக்க வேண்டும்?

41 சதவீதத் திரவத்துக்கு லேபிள் அளவு ஹெக்டேருக்கு 2 முதல் 3 லிட்டர், தண்ணீர் 450 லிட்டர். ஏக்கருக்கு 800 மில்லி முதல் 1.2 லிட்டர் வரை, தண்ணீர் சுமார் 180 லிட்டர்.

'டேங்குக்கு 100 மில்லி' என்ற வாய்க்கணக்கு பலரைக் கெடுக்கிறது. மெதுவாக நடப்பவர் ஏக்கருக்கு 25 டேங்க் அடித்தால் இரண்டரை லிட்டர் மருந்து போய்விடும். முதலில் உங்கள் நடையை அளந்துகொள்ளுங்கள். 10 மீட்டருக்கு 10 மீட்டர் கட்டம் குறித்து, வெறும் தண்ணீரை வழக்கம்போல் அடியுங்கள். செலவான தண்ணீரை 40-ஆல் பெருக்கினால் ஏக்கர் கணக்கு. நாலரை லிட்டர் செலவானால் ஏக்கருக்கு 180 லிட்டர். அதில் 1 லிட்டர் மருந்து என்றால் 10 லிட்டர் டேங்குக்கு 55 மில்லி.

71 சதவீதத் தூளில் இன்னொரு தவறு நடக்கிறது. 100 கிராம் தூள், சுமார் 180 மில்லி திரவத்துக்குச் சமம். திரவ அளவையே தூளுக்கும் போட்டால் ஏறக்குறைய இரட்டிப்பு.

அடித்தும் களை சாகவில்லை. ஏன்?

முதலில் தண்ணீரைப் பாருங்கள். கலங்கல் தண்ணீரில் உள்ள களிமண் துகள் மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கண்மாய், வாய்க்கால் தண்ணீரை அப்படியே ஊற்றினால் பாதி மருந்து டேங்குக்குள்ளேயே செத்துவிடும். ஆழ்துளைக் கிணற்று உப்புநீரில் சுண்ணாம்பும் மெக்னீசியமும் மருந்தோடு ஒட்டிக்கொள்ளும். அதற்குத்தான் அம்மோனியம் சல்பேட்: லிட்டருக்கு 20 கிராம், 10 லிட்டர் டேங்குக்கு 200 கிராம். பாதி டேங்க் தண்ணீரில் இதை முதலில் முழுதாகக் கரைத்து, பிறகு மருந்து, பிறகு மீதித் தண்ணீர். வரிசை மாறினால் பலனும் குறையும்.

அடுத்தது களையின் நிலை. வாடிய செடியும் தூசி படிந்த வரப்போரப் புல்லும் மருந்தை உறிஞ்சாது. களையை வெட்டிவிட்டு உடனே அடித்தால் உள்ளே போக இலை இல்லை, துளிர்த்து வரும்வரை பொறுக்க வேண்டும். கோரைக்குப் பூக்கும் தறுவாயில் அடித்தால் கிழங்குவரை இறங்கும். முளைக்காமல் மண்ணில் உறங்கும் கிழங்குக்கு ஒன்றும் ஆகாது, அடுத்த மழைக்கு எழும். அடித்து ஆறு மணி நேரத்துக்குள் மழை வந்தால் பெரும்பகுதி வீண். துத்தநாகம் பூசிய இரும்பு வாளியில் கலக்கவே கூடாது, தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு உண்டாகும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஒரே இனக் களை மட்டும் பச்சையாக நின்றால் எதிர்ப்புத் திறன் வந்திருக்கலாம். 1996-ல் ஆஸ்திரேலியாவில் ரைகிராஸ் புல்லிலும், அடுத்த ஆண்டு மலேசியாவில் கேழ்வரகின் உறவான ஒரு காட்டுப் புல்லிலும் அது கண்டறியப்பட்டது. அளவைக் கூட்டுவது தீர்வாகாது. விதை கட்டும் முன் பிடுங்குங்கள், அல்லது மூடாக்கு போடுங்கள்.

உப்பும் வினிகரும் சோப்பும் கலந்து அடித்தால் இயற்கை வழி ஆகாதா?

வினிகர் மேல் இலையை மட்டும் கருக்கும், கிழங்கு தப்பும். உப்பு மண்ணிலேயே தங்கி மண்ணை இறுக்கிவிடும். கிளைபோசேட்டோடு கல்லுப்பைச் சேர்த்து அடிக்கும் வழக்கத்தையும் விடுங்கள்.

அடித்த மண்ணில் எப்போது விதைக்கலாம்?

மண் துகளில் இறுக ஒட்டிக்கொள்வதால் முளைப்பை இது தடுப்பதில்லை. களை முழுதும் காய்ந்த பிறகு உழுது விதைக்கலாம். நுண்ணுயிர்கள் மெல்லச் சிதைத்து ஆம்ப்பா என்ற பொருளாக மாற்றும். மருந்து பாதியாகக் குறையச் சில நாளும் ஆகலாம், சில மாதமும் ஆகலாம், மண்ணையும் ஈரத்தையும் பொறுத்தது. மழையில் மண் அரித்துப் போனால் மருந்தும் கூடவே குளத்துக்குப் போகும். அதனால் கரைப்பக்கம் அடிக்க வேண்டாம்.

கண்ணில் பட்டால், வாய்க்குள் போனால்?

கண்ணை ஓடும் தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவி மருத்துவரிடம் போங்கள். விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், நுரையீரலுக்குள் இறங்கிவிடும். உப்புத் தண்ணீரும் கொடுக்காதீர்கள். 108-ஐ அழைத்து, கேனையோ லேபிளையோ கையோடு கொண்டு போங்கள், மருத்துவமனையில் முதலில் கேட்பது அதைத்தான். வீட்டில் யாராவது மனம் உடைந்திருந்தால் மருந்து எதுவும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கக் கூடாது. தமிழ்நாட்டில் 104 சுகாதார உதவி எண்ணில் பேசலாம்.

கூலிக்கு ஆள் வைத்து அடிக்கிறேன். நான் என்ன செய்து தர வேண்டும்?

ரப்பர் காலணி, நைட்ரைல் கையுறை, கண்ணாடி, முழுக்கை சட்டை, இடுப்புக்குக் கீழே நனையாத பிளாஸ்டிக் ஏப்ரன். கலக்கும் நேரத்தில் கையுறை கட்டாயம், அடர்த்தியான மருந்து தோலில் படுவது அப்போதுதான். டேங்கின் மூடி வாஷரையும் குழாய் இணைப்பையும் முதல் நாளே தண்ணீர் ஊற்றிச் சோதியுங்கள். முதுகில் ஒழுகும் டேங்கை யார் தோளிலும் ஏற்றாதீர்கள். காலையில் காற்று அடங்கிய நேரத்தில் வேலையை வையுங்கள். நாசிலுக்குக் கூம்பு மூடி போட்டு, முழங்காலுக்குக் கீழே பிடித்து, அடித்த புல்லை மிதிக்காமல் பின்னோக்கி நகர்ந்து அடிக்கச் சொல்லுங்கள். நாசில் அடைத்தால் வாயால் ஊதக் கூடாது, மாற்று நாசில் ஒன்று கையில் கொடுங்கள். வெற்றிலை, பீடி, சாப்பாடு எல்லாம் கை கழுவிய பிறகு. சோப்பும் இரண்டு குடம் நல்ல தண்ணீரும் வயலிலேயே இருக்கட்டும், வேலை முடிந்ததும் அங்கேயே குளித்து உடை மாற்றட்டும். அந்த உடையை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது. காலி கேனை மூன்று முறை அலசி, அலசிய தண்ணீரை டேங்கிலேயே ஊற்றி, கேனில் ஓட்டை போடுங்கள். தண்ணீர் பிடிக்கவோ எண்ணெய் வாங்கவோ அதை யாருக்கும் கொடுத்தனுப்பாதீர்கள்.